காப்பெழுத்தைப் பழித்தல் தகுமோ?

மொழியின்கண் ஓர் எழுத்துத் தன் தொழிலைச் செய்தற்கும் வரும். தன்னையே குறித்தற்கும் வரும். ‘அப்பக்கம்’ என்புழி முதற்கண் நின்ற அகரம் சேய்மையைச் சுட்டுகின்றது. ஆண்டு அதற்கு ஒரு தொழில் உண்டு. ‘அம்மா என்னும் சொல் அகரத்தில் தொடங்கும்’ என்புழியோ அவ்வெழுத்து எதனையும் சுட்டவில்லை. எழுத்தென்னும் அளவில் நின்று பேசப்படுகின்றது. வகுப்பில் ஆசிரியர் ‘அ’ என்று வாளா கூறி நிறுத்துவாராயின் மாணாக்கர் ‘எது?’ என்று நோக்குவர். ‘அகரம்’ என்பாராயின் ஏட்டில் எழுதிக்கொள்வர். குற்றெழுத்திற்குக் கரமும், நெட்டெழுத்திற்குக் காரமும், ஐ, ஔ என்பவற்றிற்குக் கானும் சாரியையாக வருமென்று நன்னூல் விதித்திருப்பதைத் தமிழ் வகுப்பினர் யாவரும் அறிவர். அறிந்தும், தேர்விற்குரிய விதியென்னும் அளவில் அதனைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றோம். அதனையொத்த விதியொன்று இன்று எண்ணிறந்த இணையப் பக்கங்களைக் காத்து நிற்கின்றது. அதனைப் பலர் இடையூறென்று கருதி அகற்ற முற்படுகின்றனர். அங்ஙனம் அகற்றுதல் தகுமோ என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இணையப் பக்கங்கள் எழுதப்படும் மொழி எச்.டி.எம்.எல். எனப்படும். ஜினீவா நகரின் அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ என்பார் 1989-ஆம் ஆண்டில் முன்மொழிந்த வையவிரி வலையின்பொருட்டு அம்மொழி அமைக்கப்பட்டது. அதன்கண் படிப்போர்க்குரிய சொல்லும் உலாவிக்குரிய கட்டளையும் ஒரே வரியிற் கலந்து ஓடுகின்றன. இது சொல், இது கட்டளை என்று பிரித்தறிதற்கு உலாவிக்குள்ள முதல் அடையாளம் < என்னும் சிறு குறியே. அக்குறியும் அதனையடுத்து ஓர் ஆங்கில எழுத்தும் வரக்கண்டவுடன், இனி வருவது கட்டளையென்று உலாவி கொள்ளும். > என்னும் குறி வந்தபின் மீண்டும் சொல்லென்று கொள்ளும். கணக்கு மாணவர் ஒருவர் ‘ஏ என்பது பி என்பதினும் சிறிது’ என்பதனை ஆங்கில எழுத்துக்களாலும் அக்குறியாலும் இடைவெளி விடாது எழுதுவாராயின், அவருடைய பி கட்டளையின் பெயராகி, எஞ்சிய சொற்கள் திரையினின்றும் மறைந்துபோதலுங் கூடும்.

ஆதலின், குறி குறியாகவே தோன்றவேண்டுமிடத்து அதற்கு மாற்றாக எழுதத்தக்க வேறோர் உருவம் வகுக்கப்பட்டது. & என்னும் உம்மைக்குறி, பின்னர் எல், டி என்னும் இரண்டு ஆங்கில எழுத்துக்கள், ஈற்றில் ஓர் அரைப்புள்ளி: இந்நான்கும் சேர்ந்து வந்தால் உலாவி < என்னும் வடிவத்தைத் திரையிற் காட்டும்; கட்டளையாகக் கொள்ளாது. இங்ஙனம் உம்மைக்குறிக்கும் ஒரு தொழில் ஏற்பட்டுவிட்டமையால் அதற்கும் ஒரு மாற்று வேண்டியதாயிற்று. அஃது ஏ, எம், பி என்னும் மூன்றெழுத்தை இடையிற் கொண்டது. இவற்றோடு > என்பதும், இரட்டை மேற்கோட்குறியும், ஒற்றை மேற்கோட்குறியும் சேர, ஐந்து குறிகள் பெரும்பாலும் இவ்வாறு மாற்றியெழுதப்படுகின்றன. கணினித் துறையார் இதனை எஸ்கேப்பிங் என்பர். நாம் ஈண்டுக் காப்பெழுத்து என்று வழங்குவோம். அகரம் என்பதிற் கரம் ஆற்றும் உதவியையே இஃது ஆற்றுகின்றது.

இக்காலத்துப் பக்கங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே கையால் எழுதப்படுவன அல்ல. கல்லூரி அலுவலகத்தில் நன்னடத்தைச் சான்றிதழுக்கு அச்சிட்ட படிவம் இருத்தலையும், அதிற் பெயருக்கும் வகுப்பிற்கும் இடம் விட்டிருத்தலையும் கண்டிருக்கின்றோம். அதுபோலப் பக்கத்தின் நிலையான பகுதியை ஒருவர் வார்ப்புருவாக எழுதிவைக்க, வெற்றிடங்களைச் சேமிப்பிலுள்ள சொற்களால் நிரப்பிக் கொடுத்தல் வார்ப்புருப் பொறி என்னும் நிரலின் வேலை. பைதான் மொழியில் ஜாங்கோவும் ஜிஞ்சாவும், ரூபி மொழியில் ரெயில்ஸும், ஜாவாஸ்கிரிப்டில் ஹேண்டில்பார்ஸும் இவ்வேலையைச் செய்வன. ஈண்டுக் கருதத்தக்கது, படிவம் எழுதியவர் ஒருவர், நிரப்பும் சொல்லைத் தந்தவர் வேறொருவர் என்பது. முன்னவர் கட்டளையிடும் உரிமையுடையவர். பின்னவர் யாரோ, நல்லவராகவும் இருக்கலாம், அல்லாதவராகவும் இருக்கலாம். ஆகையால் இப்பொறிகளிற் பல, படிவத்தை உள்ளவாறே விட்டு, நிரப்பும் சொல்லை மட்டும் காப்பெழுத்தாக்கி இடுகின்றன.

எதிர்பாராத விளைவுகள் நேர்வதும் இவ்விடத்திலேயே. நம் மலரின் தமிழ்ப் பகுதிக் கவிதைகளைச் சென்ற ஆண்டு இணையத்தில் ஏற்றியபோது நேர்ந்ததை மாணவர் பலர் கண்டு நகைத்தனர். செய்யுளுக்கு அடி இன்றியமையாதது. எச்.டி.எம்.எல். மொழியோ, நாம் வரியை முறித்து எழுதினும் அதனைப் பொருட்படுத்தாது அனைத்தையும் உரைநடைபோல ஓட்டிவிடும். அடி முறியவேண்டுமாயின் பி.ஆர். என்னும் கட்டளையை < > என்னும் குறிகளினிடையே எழுதவேண்டும். பக்கத்தை அமைத்த நண்பர், கவிதையில் வரி முறியும் இடந்தோறும் அக்கட்டளையைப் புகுத்துமாறு நிரல் எழுதி, விளைந்ததைப் பொறியினிடம் கொடுத்தார். பொறி அக்கட்டளையையும் கவிதையின் கூறென்றே கொண்டு காப்பெழுத்தாக்கிவிட்டது. அடிகள் முறியவில்லை; அடிதோறும் பி.ஆர். என்னும் எழுத்துக்கள் வெளிப்படையாக நின்றன. ஈற்றடியின் பின்னும் வரியை முறித்திருந்த வெண்பாப் புலவர் ஒருவர், தம் செய்யுள் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கினும் அடங்காத ஐந்தாம் வாய்பாட்டால் முடிந்துவிட்டதென்று முறையிட்டார்.

பழி பொறியின்மேற் சென்றது. வார்ப்புருவிற் கவிதை வருமிடத்தில் ‘சேஃப்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தாற் காப்பெழுத்து நின்றுவிடுமென்று எவரோ வழி கூறினர். சேர்த்தனர், நின்றுவிட்டது, அடிகள் ஒழுங்காயின, யாவரும் மகிழ்ந்தனர். இவ்வழி நம் கல்லூரிக்கு மட்டும் உரியதன்று. இத்தகைய இடர் நேருமிடந்தோறும் புதியவர்க்கு முதலிற் கிடைக்கும் அறிவுரை இதுவே. இவ்வறிவுரை தீதென்பதும், பொறி அன்று செய்தது பிழையன்றென்பதும் எம் கருத்து.

பொறியின் நிலையில் நின்று பார்ப்போம். அதன் கைக்கு வந்தது ஒரு நீண்ட எழுத்துத்தொடர். அதிற் கவிஞர் எழுதியது எது, நண்பரின் நிரல் புகுத்தியது எது என்றறிதற்கு யாதோர் அடையாளமும் இல்லை. பாலையும் நீரையும் கலந்து வைத்தாற் பிரித்துண்ணுதற்கு அன்னம் உண்டென்பது புலவர் மரபு. நிரலுக்கு அம்மரபு இல்லை. ஆதலின் ஐயத்திற்கு இடமாயதை முற்றும் காத்தது. ‘சேஃப்’ என்று எழுதியவுடன் நேர்ந்தது யாதெனின், நண்பரின் வரிமுறிவுக்கு மட்டுமன்றி, அப்படிவத்தில் எவர் எதை எழுதி அனுப்பினும் அதற்கும் கட்டளையாகும் உரிமை வந்துவிட்டது. கவிதை அனுப்பும் படிவம் மாணவர் அனைவர்க்கும் திறந்தது. அவருள் ஒருவர் தம் கவிதையின் நடுவே ஒரு சிறு நிரலை வைத்து அனுப்பினால் அது திரையிற் சொல்லாகத் தோன்றாது. படிப்போருடைய உலாவியிற் புகுந்து ஓடும். படிப்பவர் அத்தளத்தில் தம் பெயராற் புகுந்திருப்பாராயின், அவர் செய்தற்குரியன பலவற்றையும் அந்நிரல் அவர் பெயராலேயே செய்யும். மாணவர் படித்தால் மாணவரளவில் தீங்கு. பதிப்பாசிரியர் படித்தாற் பதிப்பாசிரியரின் அதிகாரமே பிறர் கைப்படும்.

இஃது அச்சுறுத்தற்கென்று புனைந்ததன்று. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், அமெரிக்காவிற் கார்னிகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த செர்ட் நிலையம் இவ்வகைத் தீங்கைக் குறித்து எச்சரிக்கை வெளியிட்டது. ஐந்தாண்டு கழிந்து, 2005-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள், மைஸ்பேஸ் என்னும் தளத்திற் சாமி கம்கார் என்பார் தம் பக்கத்தில் ஒரு நிரலை மறைத்து வைத்தார். அவர்க்கு அப்போது வயது 19. நம் வகுப்பில் அமரத்தக்க வயதினர். அப்பக்கத்தைக் கண்டோர் தாமறியாமலே அவருக்கு நட்பு வேண்டுகோள் விடுத்தனர். அவரைப் போற்றும் வரியொன்றும் அந்நிரலும் அவர்தம் பக்கங்களிலும் படிந்தன. அவற்றைக் கண்டோர்க்கும் அங்ஙனமே ஆயிற்று. ஏறத்தாழ 20 மணி நேரத்திற் பத்து லட்சத்திற்கு மேற்பட்டோரிடம் அது பரவியது. தம் பக்கத்தை அணிசெய்தற்கென்று மைஸ்பேஸ் தன் உறுப்பினர்க்குக் கட்டளைக்குறிகளை வழங்கி, தீய சொற்களை மட்டும் நீக்கும் வடிகட்டியொன்றை நம்பியிருந்தது. கம்கார் தடைசெய்யப்பட்ட சொல்லொன்றை இரண்டு வரியாக முறித்து எழுதினார். வடிகட்டி அதனை அறியவில்லை. சில உலாவிகளோ இரு பாதியையும் ஒட்டிப் படித்துக்கொண்டன. அங்கும் வரிமுறிவே வினையாயிற்று! அவர் விளையாட்டென்று எண்ணிச் செய்தது விளையாட்டாக முடியவில்லை. 2007-ஆம் ஆண்டிற் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பிற்கு உட்பட்டார்.

காப்பெழுத்து வடிகட்டியினும் மேம்பட்டதென்பதற்குக் காரணம் இந்நிகழ்ச்சியிலேயே இருக்கின்றது. வடிகட்டி தீயதை இனங்கண்டு நீக்க முயல்கின்றது. தீயதோ நாடோறும் புதிய வேடம் புனைகின்றது. காப்பெழுத்து எதனையும் நல்லது தீயதென்று ஆராய்வதில்லை; எதனையும் நீக்குவதுமில்லை. ‘நீ எழுதியது எதுவாயினும் எழுத்தாகவே தோன்றுக’ என்று விடுகின்றது. எழுதியவர் சொல்லில் ஓர் எழுத்தும் குறையாது. படிப்பவர்க்குத் தீங்கும் நேராது. 

இனி, இதனைப் பொறி தானே செய்யவேண்டுமோ, வார்ப்புரு எழுதுவோர் வேண்டுமிடத்துச் செய்துகொள்ளலாகாதோ என்று வினவுவாரும் உளர். முன்னர் அவ்வாறே இருந்தது. ஜாங்கோ 2005-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வெளிவந்தபோது வெற்றிடந்தோறும் காப்பெழுத்து வேண்டுமென்று எழுதுவோரே குறித்தல் வேண்டும். 2008 செப்டம்பரில் வந்த அதன் 1.0 பதிப்பிற்றான் அஃது இயல்பாக நிகழ்வதாயிற்று. ரெயில்ஸ் 2010 ஆகஸ்டில் வந்த 3.0 பதிப்பில் அவ்வாறே செய்தது. மாற்றியதற்குக் காரணம் எளிது. நூறு வெற்றிடமுள்ள தளத்தில் தொண்ணூற்றொன்பதைக் காத்து ஒன்றை மறந்தவர், காவாதவரே ஆவர்.

அவ்விரு பிழைகளையும் ஒப்புநோக்குவோம். காக்கவேண்டாத இடத்திற் பொறி காத்துவிட்டால், பிழை அப்பொழுதே கண்ணிற் படுகின்றது. பி.ஆர். என்று திரையில் நிற்கின்றது. முதல் ஆண்டு மாணவர் சிரிக்கின்றனர். அன்று மாலைக்குள் எவரேனும் வந்து திருத்துகின்றனர். காக்கவேண்டிய இடத்திற் காவாது விட்டாலோ, பக்கம் அழகாகவே இருக்கும். அடிகள் ஒழுங்காக நிற்கும். எவரும் சிரியார், எவரும் திருத்தார். தீயோன் ஒருவன் வந்து கதவைத் தள்ளிப்பார்க்கும் நாள்வரை அது பூட்டப்படாத கதவென்று வீட்டாரே அறியார். முதற்பிழை நாணத்தை விளைப்பது. இரண்டாம் பிழை கேட்டை விளைப்பது. இரண்டில் ஒன்று நேர்ந்தே தீருமெனின் நாணத்தையே தேர்தல் வேண்டும். அன்று நம் தளத்தில் நிகழ்ந்தது, முதற்பிழை போல் தோன்றியதை நீக்கி இரண்டாவதை வரவழைத்துக்கொண்டமையே.

அச்சொல்லின் பெயரைப் பற்றியும் தமிழ் மாணவராகிய நாம் சிறிது கூறவேண்டும். தகுதி வழக்கு மூன்றனுள் மங்கலம் என்பது ஒன்று. இறந்தாரைத் துஞ்சினார் என்பது போல, மங்கலமில்லாததை மங்கலமான சொல்லாற் கூறுவது அது. ஜாங்கோவும் ஜிஞ்சாவும் காப்பை நீக்குவதற்கு இட்ட பெயர் ‘சேஃப்’, அஃதாவது தீங்கற்றது என்பது. அச்சொல் ஒன்றனையும் தீங்கற்றதாக்குவதில்லை. ‘இது தீங்கற்றதென்று யான் உறுதி கூறுகின்றேன்’ என்று எழுதுவோர் இடும் கையொப்பமே அது. ரெயில்ஸ் வழங்கும் ‘எச்.டி.எம்.எல். சேஃப்’ என்பதும் அத்தகையதே. ஆராயாமற் கையொப்பமிடுவோர் பலராதற்கு அப்பெயரும் ஒரு காரணமென்று கருதுகின்றோம். மருந்தென்று எழுதிய புட்டியை எவரும் ஐயுறார். ரியாக்ட் என்பதனை 2013-இல் வெளியிட்டவர்கள் இம்மங்கல வழக்கைக் கைவிட்டு, அதே வேலைக்கு ‘டேஞ்சரஸ்லி செட் இன்னர் எச்.டி.எம்.எல்.’ என்று, இடர் என்னும் சொல்லையே முதற்கண் வைத்துப் பெயரிட்டனர். செவிக்கு இனியதன்று, எழுதவும் நீளம். எழுதுமுன் கை ஒரு கணம் நிற்கும். அக்கணத்தின்பொருட்டே அந்நீளம் தகும்.

எதிர்பாராத காப்பெழுத்தில் மற்றொரு வகை உண்டு. அது பொறி பிழைத்ததன்று, பொறிக்கு முன்னே ஒருவர் பிழைத்ததைப் பொறி வெளிப்படுத்துவது. சொல்லைச் சேமிக்கும்போதே காப்பெழுத்தாக்கிச் சேமிப்பார் சிலர். வெளிவரும்போது பொறி மீண்டும் காக்கின்றது. ‘இயற்பியல் & வேதியியல்’ என்று எழுதியதில் உம்மைக்குறியின்பின் ஏ, எம், பி, அரைப்புள்ளி எல்லாம் திரையில் வரிசையாக வந்து நிற்கும். அகரம் என்பதன்மேல் மீண்டும் கரத்தை ஏற்றி ‘அகரகரம்’ என்றால் எவ்வாறு இருக்குமோ அவ்வாறு. பி.எச்.பி. மொழியில் முன்னர் ‘மேஜிக் கோட்ஸ்’ என்றொரு வசதி இருந்தது. உள்ளே வரும் சொற்களிலுள்ள மேற்கோட்குறிகளின்முன் எல்லாம் அது தானே ஒரு பின்சாய்கோட்டை இட்டுவிடும். தரவுத்தளத்தைக் காத்தற்கு ஏற்பட்டது அது. ஓ'பிரையன் என்னும் அயர்லாந்துப் பெயருடையார் தம் பெயரின் நடுவே ஒரு கோட்டைச் சுமந்து திரிந்தனர். சேமிக்குந்தோறும் கோடுகள் பெருகியதும் உண்டு. 2009-இல் வந்த 5.3 பதிப்பில் அவ்வசதி விலக்கத்தக்கதென்று அறிவிக்கப்பட்டு, 2012-இல் வந்த 5.4 பதிப்பில் முற்றும் நீக்கப்பட்டது. வாயிலிற் புகும்போதே சொல்லை மாற்றுதல் தவறென்பதற்கு இதனினும் சான்று வேண்டா. சொல் ஒன்று, அது வெளியேறும் வாயில்கள் பல. இணையப் பக்கம், மின்னஞ்சல், கைபேசிச் செய்தி, அச்சிட்ட சான்றிதழ் என ஒவ்வொன்றிற்கும் காப்பு வேறு. ஆதலின் உரியவர் எழுதியவாறே சேமித்து, வெளியேறும் வாயிலில் அவ்வாயிலுக்கேற்ற காப்பை ஒருமுறை இடுதலே முறை.

இதனைத் தமிழர் சற்று ஊன்றி நோக்குதற்கு ஒரு காரணம் உண்டு. பழைய தளங்கள் பல மேலைநாட்டெழுத்துக்கு மட்டும் இடமுள்ள குறிமுறையில் அமைந்தவை. அவற்றின் படிவத்தில் ஒருவர் தமிழில் தம் பெயரை எழுதினால், அக்குறிமுறையில் தமிழெழுத்துக்கு இடமில்லாமையால் உலாவி ஒவ்வோர் எழுத்தையும் யுனிகோடில் அதற்குரிய எண்ணாக மாற்றி அனுப்பும். அகரத்தின் எண் 2949. முன்னே & என்பதும் # என்பதும், பின்னே அரைப்புள்ளியும் கூட, ஓரெழுத்து ஏழு வடிவங்களாகும். ‘அம்மா’ என்னும் சொல் &#2949;&#2990;&#3021;&#2990;&#3006; என்று ஆகும். புள்ளிக்கு ஓரெண், காலுக்கு ஓரெண். ஆக முப்பத்தைந்து வடிவங்கள். முப்பதெழுத்துக்கு மட்டும் இடம் வைத்த படிவத்தில் அம்மா என்பதும் அடங்காது. காப்பெழுத்து இல்லாத பழைய பக்கத்தில் உலாவி அவ்வெண்களை மீண்டும் தமிழாக மாற்றிக் காட்டியது. ஆகவே பெயர்கள் தமிழாகவே சேமிக்கப்பட்டுள்ளன என்று யாவரும் நம்பியிருந்தனர். உண்மையிற் சேமிப்பில் இருந்தவை எண்களே. அகரவரிசைப்படுத்தினால் வரிசை பிறழும். தமிழிற் பெயரைத் தேடினால் அகப்படாது. தளம் புதுப்பிக்கப்பட்டுக் காப்பெழுத்திடும் பொறி வந்த நாளில், உம்மைக்குறி ஒவ்வொன்றும் காக்கப்பட, பெயரெல்லாம் எண்ணாகத் திரையில் நின்றன. ‘புதிய பொறி தமிழைக் கெடுத்துவிட்டது’ என்று கூக்குரலிடுதல் இயல்பே. தமிழ் கெட்டது பொறி வருமுன்னரே. அவ்விடத்தும் ‘சேஃப்’ என்று எழுதினால் எண்கள் மறைந்து தமிழ் தோன்றும்; கேடு மீண்டும் உள்ளே மறைந்துகொள்ளும். யு.டி.எஃப்.-8 என்னும் குறிமுறைக்குப் படிவத்தை மாற்றி, சேமிப்பிலுள்ள எண்களை ஒருமுறை எழுத்தாக்கி வைப்பதன்றோ செய்யத்தக்கது? மக்கள் தம் பெயரை எழுதிக் கொடுத்தனர். பெயராகவே அது வைக்கப்படல் வேண்டும்.

பொறிகளை அமைத்தோர்பால் குறையே இல்லையென்று நாம் வாதிக்கவில்லை. அவை தம்முள் ஒத்திருப்பதில்லை. ஜிஞ்சா தனியே வழங்கப்படும்போது காப்பெழுத்து இயல்பாக நிகழாது. அதனையே பிளாஸ்க் வழியாக வழங்கினால், வார்ப்புருக் கோப்பின் பெயர் எச்.டி.எம்.எல். முதலிய ஈறுகளைக் கொண்டிருப்பின் நிகழும். கோப்பின் ஈறு திரிந்தாற் காப்பும் திரியும்; இப்புணர்ச்சி விதியை அறியாதார் இடர்ப்படுதல் அவர் குற்றமன்று. ஜாங்கோவில் வார்ப்புருவினுள்ளேயே எழுதப்பட்ட மேற்கோட் சொல் காக்கப்படாது, வெளியினின்று வரும் சொல் காக்கப்படும். எழுதியவர் வேறாதலின் அது நியாயமே, ஆயினும் முதன்முறை காண்போர்க்கு வியப்பே. ஜாவாஸ்கிரிப்டில் வழங்கும் மஸ்டாஷ் / என்னும் சாய்கோட்டையும் காக்கின்றது. பக்கத்திற்குத் தீங்கில்லை, ஆனால் அதே பொறியால் வெறும் எழுத்துக் கடிதம் ஒன்றை ஆக்கினால் அதிலுள்ள இணைய முகவரி உருமாறிவிடும். மின்னஞ்சலின் பொருள் வரியில் உம்மைக்குறி மூன்றெழுத்தைச் சுமந்து வருதலும் இக்காரணத்தாலேயே. வெறும் எழுத்துக் கடிதத்தில் உலாவியும் இல்லை, கட்டளையும் இல்லை. ஆண்டுக் காப்பை நிறுத்துதல் முறையே. ஜாங்கோவின் கையேடும் அதனை ஒப்புகின்றது.

காப்பெழுத்து ஒன்றே எல்லாவற்றையும் காக்குமென்று எண்ணுதலும் தவறு. ஐந்து குறிகளுள் ஒன்றேனும் இல்லாத சொல்லும், இணைப்பு முகவரி வருமிடத்தில் வைக்கப்படின் தீய நிரலாகலாம். ஜாவாஸ்கிரிப்ட் நிரலின் நடுவே புகும் சொல்லுக்கு வேண்டிய காப்பு வேறு. கோ மொழியின் வார்ப்புருப் பொறி, சொல் விழும் இடம் எத்தகையதென்று நோக்கி இடத்திற்கேற்பக் காக்கின்றது. சார்ந்ததன் வண்ணமாதல் சொல்லுக்கு இயல்பென்று அதனை அமைத்தோர் உணர்ந்திருந்தனர் போலும்.

இனி நம் கவிதைப் பக்கம். அதற்கு வழி இரண்டு உள. ஒன்று, வரிசையை மாற்றுவது: கவிஞர் சொல்லை முதலிற் காப்பெழுத்தாக்கி, அதன்பின் வரி முறியும் இடங்களிற் கட்டளையைப் புகுத்தி, அதன்பின்னரே கையொப்பமிடுவது. அப்போது கட்டளையாக நிற்பது நாம் புகுத்தியது மட்டுமே. ஜாங்கோவில் இதற்கென்றே ‘லைன்பிரேக்ஸ் பி.ஆர்.’ என்னும் வடிப்பான் உண்டு. காப்பும் முறிவும் உரிய வரிசையில் அதனுள்ளேயே நிகழ்கின்றன. மற்றொன்று, கட்டளையே புகுத்தாமல், பக்கத்தின் தோற்றத்தை ஆளும் சி.எஸ்.எஸ். விதிகளில் ‘பிரீ-லைன்’ என்பதைக் கவிதைக்கு இடுவது. உலாவி வரிமுறிவை உள்ளவாறே மதிக்கும். கவிதை கவிதையாகவே சேமிப்பில் இருக்கும். காப்பெழுத்தும் தன் வேலையைச் செய்யும். இரண்டனுள் இரண்டாவதையே நாம் விரும்புகின்றோம். புலவர் இட்ட முறிவன்றி வேறெதுவும் அதில் வேண்டுவதில்லை. இவ்வாண்டு மலருக்குக் கவிதை அனுப்பும் படிவம் விடுமுறை கழிந்தவுடன் திறக்கப்படுமென்று அறிகின்றோம். ‘சேஃப்’ என்னும் அச்சொல் இன்னும் அவ்வார்ப்புருவில் நிற்கின்றது. படிவம் திறக்குமுன் அதனை நீக்கி இவ்விதியை இடுமாறு மலர்க் குழுவினரை வேண்டுகின்றோம்; எழுதவேண்டுவது ஒரு வரியே.